காரைக்குடிப் பக்கம் புதிதாக வந்த விசுவாசிக்கு: சபையிலும் தெருவிலும் நன்மை செய்யத் தொடங்கும் வழி

வேலை மாற்றலாகியோ, படிக்கவோ, கல்யாணமாகியோ காரைக்குடிப் பக்கம் வந்து, இங்கே ஒரு சபையில் உட்காரத் தொடங்கியிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். ஆராதனை எத்தனை மணிக்கு, ஆலயத்துக்கு எந்த வழி என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கொருவர் நன்மை செய்வதை எங்கிருந்து தொடங்குவது, யாரிடம் கேட்பது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

செட்டிநாட்டில் நாம் சிறு கூட்டம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று சிதறி இருக்கிறோம். கத்தோலிக்கர்களுக்குச் சிவகங்கை மறைமாவட்டம் இருக்கிறது. 1987இல் மதுரையிலிருந்து பிரிந்தது. சி.எஸ்.ஐ.காரர்களுக்கு மதுரை-இராமநாதபுரம் திருமண்டலம். பெந்தெகொஸ்தே சபைகள் வாடகைக் கட்டடங்களிலும் மொட்டை மாடிக் கொட்டகைகளிலும் கூடுகின்றன. எந்தச் சபைக்குப் போனாலும் பாங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பா பல்கலைக்கழகம் என்று வேலைக்காக வந்தவர்கள் பலர். அவர்களுடைய அண்ணன் தம்பியெல்லாம் நாசரேத்திலோ நாகர்கோவிலிலோ இருப்பார்கள். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் ஓடிவர வேண்டியவர் பக்கத்துத் தெரு சபைக்காரர்தான்.

பவுல் கலாத்தியருக்கு எழுதியது நமக்குத் தெரிந்த வசனம்: “யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்” (6:10). இதில் இரண்டு பக்கம் இருக்கிறது. நடைமுறையில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை விட்டுவிடுகிறோம். சில சபைகள் தங்கள் ஆட்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளும், எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. சில சபைகள் பஸ் ஸ்டாண்டில் நூறு பொட்டலம் கொடுக்கும். கடைசி பெஞ்சில் உட்காரும் அம்மா வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்பது தெரியாது. என் நம்பிக்கை இது: யாருக்குச் செய்கிறோமோ அவருடைய பெயரும் வீடும் கஷ்டமும் தெரிந்த பிறகு செய்வதுதான் நிற்கும். வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்கும்படி செய்வதுதான் நன்மை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவை.

முதல் படி: பெயரைப் பதியுங்கள்

பழைய சபையிலிருந்து உறுப்பினர் கடிதம் வாங்கி வந்து ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ கொடுங்கள். கடிதம் இல்லாவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது சொன்னால் மறந்துபோகும். வாரநாளில் சாயங்காலம் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேளுங்கள். அன்பியம் என்பது பக்கம் பக்கமாக இருக்கும் சில குடும்பங்களின் கூட்டம். வீடு வீடாக ஜெபம் நடக்கும். பங்கில் நடக்கும் உதவிகளில் பெரும்பாலானவை அந்த வாசல் வழியாகத்தான் போகின்றன.

பெயரோடு சேர்த்து நாலு விவரம் கொடுங்கள்: வீட்டு அடையாளம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஆபத்துக்கு ஊரில் யாருக்குப் போன் போட வேண்டும், உங்கள் இரத்த வகை. கடைசியாகச் சொன்னதைப் பலர் கொடுப்பதில்லை. அதன் தேவை நாலாம் படியில் தெரியும்.

இந்த மண்ணில் கணக்கெடுப்புக்கு ஒரு பழைய முறை உண்டு. நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் தங்கள் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு ‘புள்ளி’யாக எழுதி வைப்பார்கள். புதுக் குடும்பம் உண்டானால் புதுப் புள்ளி. யார் நம்மவர் என்பதில் அங்கே சந்தேகம் இருக்காது. நம் சபைப் புத்தகமும் அந்தக் கவனத்தோடு இருந்தால், யாருக்கு என்ன ஆனது என்று தேட வேண்டியிருக்காது. ஆகவே உங்கள் புள்ளியை நீங்களே போய் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள், அதிலும் பெரிய சபைகளிலிருந்து வருகிறவர்கள், வந்த மாதமே திட்டத்தோடு வருவார்கள். “எங்க சபைல இப்படிச் செய்வோம்.” அதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் உதவி கேட்கிறவராக இருங்கள். நல்ல பால் எங்கே கிடைக்கும், எந்த டாக்டர் நிதானமாகப் பார்ப்பார், வாடகைக்கு வீடு எந்தப் பக்கம் தண்ணீர்ப் பிரச்சினை இல்லாமல் கிடைக்கும், சந்தைக்கு என்றைக்குப் போவது என்று கேளுங்கள். பண்டபாத்திரம் இறக்க நாலு பையன்களை அனுப்ப முடியுமா என்று வாலிபர் சங்கத்தில் கேளுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. எப்போதும் கொடுக்கிறவராகவே இருப்பவரிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. நீங்கள் ஒரு தூக்கு குழம்பு வாங்கிச் சாப்பிட்ட வீட்டில்தான், பிறகு உங்கள் தூக்கையும் கூச்சமில்லாமல் வாங்குவார்கள். தூக்கைத் திருப்பித் தரும்போது வெறுமையாகத் தராதீர்கள். நாலு வாழைப்பழமாவது இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பார்க்கிற பழக்கம் அது.

மூத்தவர்களை அழைக்கும் முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டணத்துச் சபைகளில் எல்லோரும் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’. இங்கே எழுபது வயது அம்மாவை ‘சிஸ்டர்’ என்றால் விலகி நிற்கிற மாதிரி இருக்கும். ஐயா, அம்மா, பெரியம்மா, அண்ணன், அக்கா என்று கூப்பிடுங்கள்.

மூன்றாம் படி: வராதவரைக் கவனியுங்கள்

ஒரு மாதம் ஒரே இடத்தில் உட்காருங்கள். உங்கள் முன்னால், பின்னால், பக்கத்தில் யார் வழக்கமாக உட்காருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த ஏழெட்டுப் பேர்தான் முதலில் உங்கள் பொறுப்பு. முழுச் சபையும் வேண்டாம்.

அவர்களில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே போன் போடுங்கள். கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். “என்ன ரெண்டு வாரமா கோயிலுக்கு ஆளைக் காணோம்?” என்பது வருகைப் பதிவு எடுப்பது மாதிரி இருக்கும். கஷ்டத்தில் இருப்பவர் இன்னும் ஒடுங்கிப்போவார். “அக்கா, உங்க இடம் காலியா இருந்துச்சு. உடம்பு நல்லா இருக்கா?” என்று கேட்டால் பேச்சு வரும். வராததற்குக் காரணம் பல சமயம் நாம் நினைக்காததாக இருக்கும். முழங்கால் வலியால் ஆலயப் படி ஏற முடியாது. ஆட்டோவுக்குக் காசில்லை. காணிக்கைத் தட்டு தன் முன்னால் வரும்போது போட ஒன்றும் இல்லை என்ற வெட்கம். இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் நேரே சொல்ல மாட்டார்கள். நீங்களும் நேரே கேட்க வேண்டாம். வண்டியில் கூட்டி வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி சரியாகும்.

ஆலயத்தில் அதிகம் உழைத்துக் குறைவாகக் கவனிக்கப்படுகிறவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பவர், பெருக்குகிறவர், கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிறவர் என்று பல வேலைக்கும் அவர்தான். உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்கும் தமிழக அரசு நல வாரியம் அமைத்திருக்கிறது. உங்கள் சபைப் பணியாளர் அதில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் காகிதங்களைச் சேர்த்து, சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கு அவரோடு போய்வாருங்கள். ஒரு நாள் லீவு போட்டுச் செய்யத் தகுந்த வேலை அது.

நாலாம் படி: வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசனாம் தன் மாணவ நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் கத்தோலிக்கப் பங்குகளில் அப்படித்தான் ஏழைகள் வீட்டுக்குப் போகிறது. ஆண் தனியாகவும் பெண் தனியாகவும் இருக்கிற வீடுகளுக்கு அது பாதுகாப்பு. ஒருவர் பேசும்போது இன்னொருவருக்கு வீட்டைக் கவனிக்கவும் முடியும். மாத்திரை அட்டை காலியாகக் கிடக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்பதெல்லாம் பேசுகிறவர் கண்ணில் படாது.

சொல்லிவிட்டுப் போங்கள். காலை பத்தரைக்கு மேல், அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல். மத்தியானம் வேண்டாம், இங்கே வெயில் நேரத்தில் வயதானவர்கள் படுத்திருப்பார்கள். அரைமணி போதும். ஜெபம் செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சுருக்கமாகச் செய்யுங்கள். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டு கால்மணி நேரம் கேட்க வேண்டியதில்லை. “உங்க பாவத்தை யோசிச்சுப் பாருங்க, ஏன் இந்த வியாதி வந்துச்சுன்னு” என்கிற பேச்சை உங்களோடு வருகிறவர் எடுத்தால், மரியாதையாக இடைமறித்து வேறு பேச்சுக்கு மாற்றுங்கள். யோபுவின் நண்பர்களும் இதைத்தான் செய்தார்கள்; தேவன் அவர்கள்மேல் கோபம்கொண்டார் என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது.

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் எல்லோரும் கொண்டுபோவார்கள். நீங்கள் கேட்டுவிட்டு, அந்த வீட்டுக்கு ஆகிறதைக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ் எதற்கு? குழைந்த கஞ்சியும் பருப்புத் துவையலும், கூட இருப்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடும் எந்த ஆஸ்பத்திரியிலும் வீணாகாது.

ஆஸ்பத்திரி என்றால் படுத்திருப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். கூட இருக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற மனைவியோ மகளோ மூன்றாம் நாளில் துவண்டுபோயிருப்பார். “இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுத் தூங்கிட்டுக் காலைல வாங்க” என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தால், அந்தக் குடும்பம் அதை ஆயுசுக்கும் மறக்காது.

காரைக்குடியில் பார்த்துவிட்டு “மதுரைக்குக் கொண்டுபோங்க” என்று எழுதிக் கொடுக்கும் நாள்தான் மிகக் கடினமான நாள். மதுரை பெரியாஸ்பத்திரி பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் குடும்பத்துக்குத் தேவைப்படுகிறவை ஜெபக் குறிப்பில் வராது: பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு யார் கதவைத் திறப்பது, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது, கரண்ட் பில் கட்ட நாளைக்குக் கடைசித் தேதி. சபையில் நாலு பேர் இந்த வேலைகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் தெரிந்த சபைக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு இங்கிருந்தே போன் போட்டு, அவர் வாசலில் வந்து நிற்கும்படி செய்யலாம்.

காகித வேலை ஒன்று இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போய் அட்டை வாங்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்கும், அரிமளம் பக்கத்துக்காரர்கள் புதுக்கோட்டைக்கும் போக வேண்டும். வியாதி வந்த பிறகு இதற்கு அலைவது பெரும்பாடு. உடம்பு நன்றாக இருக்கும்போதே, சபையில் அட்டை இல்லாத குடும்பங்களைக் கேட்டு, ஒரு வேன் பிடித்துக் கூட்டிப்போய் எடுத்துக்கொடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கவர் சுற்றுவதைவிட இது பல மடங்கு உபயோகம்.

இரத்த வகையை முதலிலேயே கேட்டது இதற்காகத்தான். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு, ஆரோக்கியமாக இருப்பவர் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை. சபைப் புத்தகத்தில் இரத்த வகை எழுதியிருந்தால் அர்த்தராத்திரியில் வாட்ஸப் குழுவில் கெஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் நம் ஆட்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் யாருக்கு வேண்டுமென்றாலும் போகட்டும்.

ஐந்தாம் படி: பணமும் அரிசியும்

புதிதாக வந்தவரிடம் கடன் கேட்பது எந்தச் சபையிலும் நடக்கும். தனியாகக் கடன் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வார்த்தை. திரும்ப வராவிட்டால் பணம் மட்டும் போகாது. அந்த மனிதர் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசி வேறு சபைக்குப் போய்விடுவார். கொடுக்க மனமும் வசதியும் இருந்தால் திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். தொகை பெரிதென்றால் ஆயரிடமோ வின்சென்ட் தே பவுல் சபையிடமோ கொண்டுபோங்கள். உதவி பெற்றவர் பெயர் இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. கணக்கு எழுத வேண்டும், ஆனால் பெயரை வாசிக்க வேண்டியதில்லை.

போட்டோ எடுக்காதீர்கள். தையல் மிஷின், அரிசி மூட்டை, சேலை எதைக் கொடுத்தாலும் சரி. கொடுக்கிற ஐந்து பேர் வரிசையாக நின்று, நடுவில் அந்தத் தாய் தலைகுனிந்து நிற்கும் படத்தை அவர் பிள்ளை ஒரு நாள் பார்க்கும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்ன பிறகு, அது முகநூலுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

தெற்கே பல சபைகளில் பெண்கள் நடத்திவரும் பிடியரிசி வழக்கத்தை உங்கள் சபைக்குச் சொல்லுங்கள். சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி தனியாக எடுத்து டப்பாவில் போடுவது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால், இரண்டு வேளைக்கு மாதம் 3 கிலோ. பத்து வீடு சேர்ந்தால் 30 கிலோ. இரண்டு முதியவர் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். ஏழை வீட்டிலும் ஒரு பிடி எடுக்க முடியும் என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. இன்று வாங்குகிற வீடும் அடுத்த மாதம் கொடுக்கிற வீடாக இருக்கும். யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. ரேஷன் அரிசி போடுவதா, கடை அரிசி போடுவதா என்ற பேச்சு வரும். உங்கள் வீட்டில் எந்த அரிசி வேகிறதோ அதைப் போடுங்கள்.

ஆறாம் படி: துக்க வீடு

ஆலயத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தால் உடனே போங்கள். கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வேலையைப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை இலவசமாகக் கொண்டுவர அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. ஐஸ் பெட்டி, நாற்காலி, டீ, குழி வெட்டுகிறவர், சவப்பெட்டி, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவருவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். புதியவரான உங்களுக்கு யாரையும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். டீ டம்ளர் எடுத்துக் கழுவ யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில், ஒரு புதியவர் சபையில் சொந்தமாவது இந்த இடத்தில்தான்.

அடக்கம் முடிந்து, ஜெபக் கூட்டமும் முடிந்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு வாரிசுச் சான்று, பாங்க் கணக்கு, எல்.ஐ.சி., ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், விதவை உதவித்தொகை விண்ணப்பம் என்று வரிசையாக வரும். கணவர் இருந்தவரை பாங்க் வாசலே மிதிக்காத அம்மாக்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களோடு இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நாலு தரம் போய் வருவது, மலர்வளையம் வைப்பதைவிடப் பெரிய மரியாதை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தும் எழுதிப்போடாதவர்கள் நம் பெஞ்சுகளிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாம் மாதம் ஒரு தடவை போங்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் வெட்டவும் சுண்ணாம்பு அடிக்கவும் ஆள் இல்லாத கல்லறைகளை வாலிபர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஏழாம் படி: சாதி என்ற இடறல்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. “நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். புதியவரான உங்களிடமும் கேட்பார்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நீங்கள் யாரையும் கேட்காதீர்கள்.

எருசலேம் சபையில் முதல் முறுமுறுப்பு உதவி கொடுப்பதில்தான் வந்தது. கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர் சொன்னபடி சபையார் ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அதைச் சரிசெய்தார்கள் (அப்போஸ்தலர் 6). அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று நான் அதை வாசிக்கிறேன். நம் உதவிக் குழுக்களிலும் அப்படி வேண்டும். ஓசனாம் பாரிஸில் வீடு வீடாகப் போகத் தொடங்கிய அதே 1833இல்தான், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளுக்குக் கடிதம் எழுதி, சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்றார். இத்தனை காலம் கழித்தும் அது முடிந்துபோன விஷயம் இல்லை என்பது நமக்கு வலி.

நீங்கள் செய்யக்கூடியது சாப்பாட்டில் இருக்கிறது. உதவி கொண்டுபோகும் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், கொடுத்தால் சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, நீங்கள் உட்காரும் அதே இடத்தில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். அறுப்பின் பண்டிகை விருந்தில் உங்கள் குடும்பத்தோடு கூட்டமாக உட்காராமல் பிரிந்து உட்காருங்கள். அன்பின் விருந்து என்று பெயர் வைத்துவிட்டு யார் யாரோடு உட்காருகிறார் என்பதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

பட்டியலினத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்களை 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, கல்வி உதவித்தொகை என்று வரும்போது இந்தக் குழப்பத்தால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் ஜூன், ஜூலையில் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாலே பெரிய உதவி.

எட்டாம் படி: ஆலயத்து வாசலுக்கு வெளியே

ஈகையை இந்த ஊருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வரவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் சிக்ரிக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் இது. 1953இல் அந்த நிறுவனம் திறந்தது. ஊரணி வெட்டியதும் சத்திரம் கட்டியதும் பாடசாலை நடத்தியதும் இந்த மக்கள். அந்த மரியாதையோடு வெளியே போங்கள்.

பெரிய வீடுகளில் பலவற்றில் இன்று ஒரு ஆச்சியும் ஒரு வேலைக்காரரும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். உங்கள் தெருவில் அப்படி ஒரு ஆச்சி இருந்தால், “ஆச்சி, டவுனுக்குப் போறேன், மருந்து எதுவும் வாங்கியாரவா?” என்று கேளுங்கள். பிள்ளையோடு வீடியோ காலில் பேசப் போனைச் சரிசெய்து கொடுங்கள். அவ்வளவுதான். சுவிசேஷத் துண்டுப்பிரதியை மருந்துப் பைக்குள் வைக்காதீர்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்களே கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள். கேட்காதபோது மருந்து மருந்தாகவே இருக்கட்டும். நன்மையைத் தூண்டில் இரையாக ஆக்கினால், பிடிபட்ட பிறகு அது நன்மையாக இருக்காது. சமாரியன் குற்றுயிராகக் கிடந்தவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போனான்.

தை மாதம் நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போவார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நம் ஆட்கள் காவி உடுத்தி நடப்பார்கள். நம் ஆட்களுக்கு வழியில் மோர் கொடுக்கிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. பழனிக்கு நடக்கிறவர்களுக்கு நம் வீட்டுத் திண்ணையிலும் மோரும் தண்ணீரும் இருக்கட்டும். கால் கொப்புளத்துக்கு மருந்தும் பஞ்சும் இருந்தால் இன்னும் நல்லது. ரம்ஜான் மாதம் நோன்புக் கஞ்சி வந்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் அந்த வீட்டுக்கு முதலில் போகட்டும்.

கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத்துப் பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். பாஷை தெரியாததால் ஆலயத்துக்கு வந்தும் கடைசியில் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள். கூலி தராமல் இழுத்தடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் போங்கள்.

கோடையில் ஊரணி தூர்வார, சீமைக்கருவேலம் வெட்ட ஊர்க்காரர்கள் கூடினால் வாலிபர் சங்கம் மண்வெட்டியோடு போகட்டும். சங்கத்தின் பேனர் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு டியூஷனோ விடுமுறை வேதாகமப் பள்ளியோ நடத்தினால் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் அறையில் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். தகாதது ஏதாவது நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், சபையின் பெயர் கெடும் என்று மூடாதீர்கள். 1098க்குப் போன் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

சோர்வும் மாற்றலும்

எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய முடியாது. ஒரு வருஷத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரி, காகித வேலை என்றால் காகித வேலை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் முகம் சுளிக்கும் அளவுக்குப் போனால் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர்களும் விசுவாச குடும்பத்தார்தான். நன்றி சொல்லாதவர்களும் குறை சொல்கிறவர்களும் இருப்பார்கள். நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருப்போம் என்று பவுல் எழுதியது, சோர்வு வரும் என்று அவருக்குத் தெரிந்ததால்தான். அப்படிச் சோர்ந்த வாரத்தில் நீங்களும் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, “எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்று கேளுங்கள்.

மே மாதம் மாற்றல் உத்தரவு வரும்போது, மேஜை நாற்காலி கட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் பார்த்துவந்த வீடுகளின் பெயரை எழுதுங்கள்: யாருக்கு எந்த மருந்து, யாருடைய பென்ஷன் மனு எந்த மேஜையில் நிற்கிறது, யாரைக் காலையில் ஆலயத்துக்கு வண்டியில் கூட்டிவர வேண்டும். அந்த வேலையை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற ஒருவரை அந்த வீடுகளுக்குக் கூட்டிப்போய், “இனிமே இவங்க வருவாங்க அம்மா” என்று நேரில் அறிமுகம் செய்துவையுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆயரிடம் உறுப்பினர் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். போகிற ஊரில் முதல் வாரமே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.